மணிக்கணக்கில் அடங்காத பயிற்சி

2008 செப்டம்பரில், ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் நிறுவனத்துக்குச் சிறந்த நிறுவன ஆளுகைக்கான ‘கோல்டன் பீகாக்’ விருது கிடைத்தது. அதன் இயக்குநர் குழுவை அறிந்தவர்களுக்கு அதில் வியப்பு இருந்திருக்காது. ஹார்வர்டு வணிகப் பள்ளிப் பேராசிரியர், மத்திய அரசின் முன்னாள் அமைச்சரவைச் செயலர், டெல்லி ஐஐடியின் முன்னாள் இயக்குநர், இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸின் டீன், பென்டியம் சிப்போடு சேர்த்துப் பேசப்படும் பொறியாளர் என அந்த மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தவர்களின் படிப்புக்கும் அனுபவத்துக்கும் குறைவே இல்லை.

அதே ஆண்டு டிசம்பர் 16 அன்று அந்தக் குழு கூடியது. நிறுவனர் ராமலிங்க ராஜுவின் குடும்பத்தோடு தொடர்புடைய மேட்டாஸ் பிராப்பர்ட்டீஸை முழுமையாகவும், மேட்டாஸ் இன்ஃப்ராவில் 51 சதவீதத்தையும் சுமார் 160 கோடி டாலருக்கு வாங்குவது என்று முடிவெடுத்தது. கூட்டத்தில் கேள்விகள் எழாமல் இல்லை. ஆனாலும் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. பங்குதாரர்கள் கொதித்தெழவே, சில மணி நேரத்தில் அது கைவிடப்பட்டது. மூன்று வாரம் கழித்து, 2009 ஜனவரி 7 அன்று, கணக்கில் காட்டியிருந்த 5,361 கோடி ரூபாய் ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி உண்மையில் இல்லாத பணம் என்று ராஜுவே எழுதிக் கொடுத்தார்.

போலி ஆவணங்களுக்குப் பின்னால் பதுங்கிய அந்த மோசடியை இயக்குநர்கள் கண்டுபிடித்திருக்க முடியுமா என்பதில் இரண்டு கருத்து இருக்கலாம். டிசம்பர் 16 முடிவில் அப்படிப்பட்ட சிக்கல் எதுவும் இல்லை. விற்பவர் யார், வாங்குபவர் யார், பணம் எந்தப் பக்கம் போகிறது என்பதெல்லாம் நிகழ்ச்சி நிரலிலேயே இருந்தது. நிறுவன ஆளுகை பற்றி வகுப்பெடுக்கும் தகுதி உள்ளவர்கள் அந்தக் குழுவிலேயே இருந்தார்கள். தெரிந்ததை அந்த அறையில், அந்த நிறுவனர் எதிரே இருக்கும்போது, ஒரு ‘வேண்டாம்’ ஆக மாற்றத்தான் முடியவில்லை.

இயக்குநர் பயிற்சி பற்றிய பேச்சு இந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும். சட்டம், கணக்கு, கடமை ஆகியவற்றைப் பொதுவாகச் சொல்லித்தரும் வகுப்புகள் தேவைதான். ஆனால் குழுக்கள் பெரும்பாலும் சறுக்குவது, தெரியாததால் அல்ல, பேசாததால். அந்த மௌனம் ஒவ்வொரு நிறுவனத்திலும் வெவ்வேறு இடத்தில் குடியிருக்கிறது. அதைத் தேடும் பயிற்சி அந்த நிறுவனத்துக்குள்ளேயே, அதன் சொந்தத் தாள்களை வைத்துக்கொண்டு, மொத்தக் குழுவும் ஒன்றாக அமர்ந்துதான் நடக்க முடியும்.

சட்டம் கேட்பதும் எண்ணுவதும்

இந்தியச் சட்டத்துக்கு இது தெரியாதது அல்ல. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தின் நான்காம் அட்டவணை, சுயாதீன இயக்குநர்களின் கடமைகளில் முதலாவதாகவே பயிற்சியைச் சொல்கிறது: தகுந்த அறிமுகப் பயிற்சி பெற வேண்டும், தம் திறன்களை மட்டுமல்லாமல் அந்த நிறுவனத்தோடு தமக்குள்ள பரிச்சயத்தையும் தொடர்ந்து புதுப்பித்துக்கொள்ள வேண்டும். பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் 2015ஆம் ஆண்டுப் பட்டியலிடல் விதிமுறைகளில் 25ஆவது விதி ஒரு படி மேலே போகிறது. தொழிலின் இயல்பு, நிறுவனம் பணம் ஈட்டும் முறை, இயக்குநரின் உரிமைகள், பொறுப்புகள் ஆகியவற்றைச் சுயாதீன இயக்குநர்களுக்கு நிறுவனமே அறிமுகப்படுத்த வேண்டும் என்கிறது. நிர்வாகத்தினர் யாரும் இல்லாமல் சுயாதீன இயக்குநர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது தனியாகக் கூட வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது.

இயக்குநருக்கு வேண்டிய பொதுவான அறிவைச் சோதிக்கவும் ஓர் ஏற்பாடு உண்டு. 2019 டிசம்பர் முதல், சுயாதீன இயக்குநராக விரும்புவோர் இந்திய நிறுவன விவகார நிலையத்தின் தரவுத்தளத்தில் பதிந்துகொண்டு, விலக்குப் பெற்றவர்கள் தவிர, இணையவழித் தேர்வு ஒன்றையும் எழுத வேண்டும். தேர்ச்சிக்கு முதலில் 60 சதவீதம் தேவைப்பட்டது. மறு ஆண்டே அது 50 ஆகக் குறைக்கப்பட்டது. ஒருவருக்குச் சட்டம் தெரியுமா என்பதை இந்தத் தேர்வு சொல்லும். குறிப்பிட்ட ஒரு குழுவில் குறிப்பிட்ட ஒரு நாளில் அவர் வாய் திறப்பாரா என்பதை எந்தத் தேர்வும் சொல்லாது.

செபி விதி நிறுவனத்துக்கே உரிய பயிற்சியைக் கேட்கிறது. ஆனால் வெளியிடச் சொல்வது எதை? எத்தனை நிகழ்ச்சிகள் நடந்தன, இயக்குநர்கள் எத்தனை மணி நேரம் செலவிட்டார்கள் என்ற கணக்கை நிறுவனத்தின் இணையதளத்தில் போட வேண்டும். எண்ணப்படுவது எதுவோ, நிறுவனங்கள் அதையே செய்து முடிக்கும். காலாண்டுக் கூட்டத்தில் ஒரு பிரிவுத் தலைவர் தன் பிரிவின் சாதனைகளைப் படம் போட்டுக் காட்டுவார். தொழிற்சாலை ஒன்றைச் சுற்றிப் பார்த்துவிட்டு மதிய உணவு நடக்கும். சட்ட நிறுவனத்தார் ஒருவர் புதிய திருத்தங்களை வாசிப்பார். அத்தனையும் மணிக்கணக்கில் சேரும். இவற்றில் எதுவும் தவறில்லை. ஆனால் எல்லாவற்றிலும் பேசுபவர் ஒருவர், கேட்பவர்கள் இயக்குநர்கள். அவர்களுடைய வேலையோ இதற்கு நேர்மாறானது.

மௌனம் எப்படி உருவாகிறது

ஏன் பேசாமல் இருக்கிறார்கள் என்பதை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஜேம்ஸ் வெஸ்ட்ஃபால், மைக்கேல் பெட்னர் இருவரும் 2005இல் வெளியிட்ட ஆய்வு அமெரிக்க நிறுவனங்களின் வெளி இயக்குநர்களைப் பற்றியது. நிறுவனம் சரிவில் இருக்கும்போது பல இயக்குநர்களுக்கு அதன் உத்தியைப் பற்றிக் கவலை இருக்கிறது. ஆனால் மற்றவர்களுக்கும் அதே கவலை இருப்பதை ஒவ்வொருவரும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். தனக்கு மட்டும்தான் இப்படித் தோன்றுகிறது போலும் என்று எண்ணி, எவரும் வாய் திறப்பதில்லை. அந்த மௌனத்தைப் பார்த்து, மற்றவர்களுக்கு இதில் ஆட்சேபம் இல்லை என்று ஒவ்வொருவரும் உறுதி செய்துகொள்கிறார்கள். கோழையும் வஞ்சகனும் இல்லாத குழுவிலும் இது நடக்கும்.

அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன், 1985இல், கரோல்ட் ஸ்டாசரும் வில்லியம் டைட்டஸும் வேறொரு பக்கத்தைக் காட்டினார்கள். வேட்பாளர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கத் தேவையான தகவல்களைப் பிரித்து, சிலவற்றை எல்லோருக்கும், சிலவற்றை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகவும் கொடுத்து, குழுவாகப் பேசச் சொன்னார்கள். எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்ததையே குழுக்கள் சுற்றிச் சுற்றிப் பேசின. ஒருவருக்கு மட்டும் தெரிந்தது பெரும்பாலும் மேசைக்கு வரவில்லை. அதனால் எல்லாத் தகவலையும் சேர்த்துப் பார்த்தால் சிறந்தவராகத் தெரியும் வேட்பாளரை அவை தவறவிட்டன. இயக்குநர் குழுவில் வங்கியாளர், பொறியாளர், முன்னாள் அதிகாரி, வழக்கறிஞர் என்று பல துறையினரைச் சேர்ப்பதே பல கண்கள் வேண்டும் என்பதற்காகத்தான். வழக்கமான கூட்டமோ எல்லோரும் பார்த்ததை மட்டும் பேசிவிட்டுக் கலைகிறது.

இந்த மௌனத்தை ஒரு தொழில் பயிற்சியால் எதிர்கொண்டது. 1978 டிசம்பரில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் அருகே யுனைடெட் ஏர்லைன்ஸின் 173ஆம் விமானம் எரிபொருள் தீர்ந்து விழுந்து 10 பேர் இறந்தனர். தரையிறங்கும் சக்கரத்தில் ஏற்பட்ட கோளாற்றிலேயே கேப்டனின் கவனம் முழுவதும் இருந்தது. எரிபொருள் குறைவதை விமானி அறையில் இருந்த மற்ற இருவரும் அறிந்திருந்தும் அழுத்திச் சொல்லவில்லை. மறு ஆண்டு நாசா ஒரு பயிலரங்கு நடத்தியது; 1981இல் யுனைடெட் நிறுவனமே தன் குழுவினர் அனைவருக்கும் கூட்டுப் பயிற்சியைத் தொடங்கியது. விமானம் ஓட்டுவது அவர்களுக்குத் தெரியும். கேப்டனிடம் எப்படிச் சொல்வது, சொல்வதைக் கேப்டன் எப்படிக் கேட்பது என்பதே பாடம். தனித்தனியாக அனுப்பிப் படிக்க வைத்தால் பலிக்காது, ஒரே அறையில் இயங்குகிறவர்களைச் சேர்த்தே பழக்க வேண்டும் என்று விமானத் துறை கண்டுகொண்டது.

தாள்களிலிருந்து தொடங்கும் பாடம்

அப்படியானால் ஒரு நிறுவனத்துக்கென்றே தைக்கப்பட்ட பயிற்சி எப்படி இருக்கும்? அமர்வுக்கு முந்தைய வாரங்களில்தான் பாதி வேலை. பயிற்சியாளர் கடந்த ஓர் ஆண்டின் நிகழ்ச்சி நிரல்கள், கூட்டக் குறிப்புகள், இயக்குநர்களுக்கு அனுப்பிய கோப்புகள், யாருக்கு எவ்வளவு செலவு செய்ய அதிகாரம் என்ற பட்டியல், இடர்ப் பதிவேடு ஆகியவற்றைப் படிக்கிறார். முடிந்தால் ஒரு கூட்டத்தில் பார்வையாளராக அமர்கிறார். பிறகு ஒவ்வொரு இயக்குநரோடும் தனியாகப் பேசி, ‘இந்த நிறுவனத்தில் உங்களுக்கு நிம்மதி தராத விஷயம் எது?’ என்று கேட்கிறார். பதில்களை யாருடைய பெயரும் இல்லாமல் தொகுத்து, அமர்வின் முதல் தாளாக மேசையில் வைக்கிறார். ஒரே கவலையை ஐந்து பேர் தனித்தனியாகச் சொல்லியிருப்பது தெரியவரும்போது, வெஸ்ட்ஃபாலும் பெட்னரும் விவரித்த தவறான ஊகம் அங்கேயே உடைகிறது. முழுப் பயிற்சியிலும் விலைமதிப்புள்ள கணம் இதுதான் என்பேன்.

அமர்வில் எதைப் பேசுவது? நீதிமன்றங்களும் கண்காணிப்பு அமைப்புகளும் விட்டுச்சென்ற தீர்ப்புகளே நல்ல பாடத்திட்டம் தருகின்றன.

முதல் பாடம் சொந்த ஐந்தொகையைப் படிப்பது. ஆஸ்திரேலியாவின் சென்ட்ரோ பேரங்காடிக் குழுமம் 2007ஆம் ஆண்டறிக்கையில் சுமார் 150 கோடி ஆஸ்திரேலிய டாலர் குறுகிய காலக் கடனை நீண்ட காலக் கடனாகக் காட்டியது. 175 கோடி அமெரிக்க டாலர் அளவுக்குக் கொடுத்திருந்த உத்தரவாதங்களையும் வெளிப்படுத்தவில்லை. கணக்காளர்களும் தணிக்கையாளர்களும் பார்த்து அனுப்பிய அறிக்கைக்கு இயக்குநர்கள் ஒப்புதல் கொடுத்தார்கள். 2011 ஜூனில் நீதிபதி மிடில்டன் அளித்த தீர்ப்பு, அவர்கள் நேர்மையற்றவர்கள் என்று சொல்லவில்லை. அறிவும் அனுபவமும் உள்ளவர்கள்தான்; ஆனால் தாம் ஒப்புதல் தரும் நிதி அறிக்கையைத் தாமே படித்துப் புரிந்துகொள்ளும் பொறுப்பை வேறு யாரிடமும் ஒப்படைக்க முடியாது என்றது. கோப்புகள் மலைபோல் வந்தன என்ற வாதமும் எடுபடவில்லை. தனக்கு எவ்வளவு தகவல் எந்த வடிவில் வர வேண்டும் என்று முடிவு செய்யும் அதிகாரம் குழுவிடமே இருக்கிறதே என்பதுதான் பதில். பயிற்சியில் இதை விரிவுரையாக்க வேண்டியதில்லை. அந்த நிறுவனத்தின் சென்ற ஆண்டு ஐந்தொகையையே கொடுத்து, அடுத்த 12 மாதத்தில் திருப்பித் தர வேண்டிய கடன் எவ்வளவு, எதை நம்பி அதைத் திருப்பித் தரப்போகிறோம் என்று ஒவ்வொருவரையும் எழுதச் சொன்னால் போதும். விடைகள் ஒன்றுபோல் இருக்காது.

இரண்டாம் பாடம், நிறுவனத்தின் உயிர்நாடியைக் குழு பார்க்கிறதா என்பது. டெக்சாஸ் மாநிலத்தின் புளூ பெல் நிறுவனம் ஐஸ்கிரீம் மட்டுமே தயாரிப்பது. 2015இல் அதன் ஐஸ்கிரீமில் லிஸ்டீரியா கிருமி பரவி மூன்று பேர் இறந்தனர். நிறுவனம் எல்லாப் பொருட்களையும் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. பங்குதாரர் ஒருவர் தொடுத்த வழக்கில் 2019 ஜூனில் டெலவேர் உச்ச நீதிமன்றம் கவனித்தது இதைத்தான்: உணவுப் பாதுகாப்புக்கென்று இயக்குநர் குழுவில் தனிக்குழு இல்லை, அதைத் தவறாமல் விவாதிக்கும் ஏற்பாடும் இல்லை. சோதனைகளில் கிருமி தென்பட்ட செய்தி நிர்வாகத்துக்கு வந்தது. குழுவின் கூட்டக் குறிப்புகளில் அதன் சுவடே இல்லை. அரசு விதிகளை நிறுவனம் பொதுவாகப் பின்பற்றியது என்பது இயக்குநர்கள் கண்காணித்ததற்குச் சான்றாகாது என்றது நீதிமன்றம். எந்தப் பொதுப் பாடத்திட்டத்திலும் ‘லிஸ்டீரியா’ என்ற தலைப்பு இருக்காது. வங்கிக்கு ஒன்று, மருத்துவமனைக்கு ஒன்று, ரசாயன ஆலைக்கு ஒன்று என உயிர்நாடி மாறுகிறது. ‘எது தவறினால் நாம் ஒரே மாதத்தில் இல்லாமல் போவோம்? அதைப் பற்றிய செய்தி எந்த வழியாக இந்த மேசைக்கு வருகிறது? கடைசியாக வந்தது எப்போது?’ என்ற மூன்று கேள்விகளோடு கூட்டக் குறிப்புகளைப் புரட்டுவதே இந்த அமர்வின் வேலை.

இந்தியாவில் இதற்கு இணையான எடுத்துக்காட்டு உள்கட்டமைப்பு நிதி நிறுவனமான ஐஎல் அண்டு எஃப்எஸ். 91,000 கோடி ரூபாய்க்கு மேல் கடன், 300க்கும் மேற்பட்ட துணை, இணை நிறுவனங்கள். 2018இல் தவணைகள் தவறத் தொடங்கி, அக்டோபரில் மத்திய அரசு பழைய குழுவை அகற்றியபோது வெளிவந்த தகவல்களில் ஒன்று, 2015க்கும் 2018க்கும் இடையே அதன் இடர் மேலாண்மைக் குழு ஒரே ஒரு முறைதான் கூடியது என்பது. காகிதத்தில் குழு இருந்தது. கடனையே மூலப்பொருளாகக் கொண்ட நிறுவனத்தில் இடரைப் பற்றிப் பேசத்தான் யாருக்கும் நேரம் ஒதுக்கப்படவில்லை.

நிர்வாகிகளும் மாணவர்களே

பயிற்சி இயக்குநர்களுக்கு மட்டும் என்று நினைப்பது பாதி வேலையை விட்டுவிடுவது. குழு பார்க்கும் உலகம் நிர்வாகிகள் எழுதி அனுப்பும் தாள்களால் ஆனது. அந்தத் தாள் மறைத்தால் குழுவின் கண்ணும் மறையும்.

ஆஸ்திரேலியாவின் காமன்வெல்த் வங்கியை அந்நாட்டு நிதிக் கண்காணிப்பு அமைப்பு விசாரித்து 2018 மே மாதம் வெளியிட்ட அறிக்கை இதற்கு நல்ல சான்று. வங்கியின் பணம் செலுத்தும் இயந்திரங்கள் வழியாக நடந்த 53,000க்கும் மேற்பட்ட பெரிய ரொக்கப் பரிவர்த்தனைகள் உரிய நேரத்தில் அரசுக்குத் தெரிவிக்கப்படவில்லை. பணமோசடித் தடுப்புச் சட்டத்தை மீறியதற்காக வங்கி 70 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் கட்டியது. ஆண்டுதோறும் பெருகிய லாபம் எல்லோருடைய புலன்களையும் மழுங்கடித்துவிட்டது என்பது விசாரணைக் குழுவின் முடிவு. மறு ஆண்டு அந்நாட்டின் பங்குச் சந்தைக் கண்காணிப்பு ஆணையம் ஏழு பெரிய நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களை, அமைப்பு உளவியலாளர் ஒருவரின் துணையோடு, உள்ளே சென்று ஆராய்ந்தது. முக்கியமான இடர்த் தகவல்கள் தடித்த கோப்புகளுக்குள் புதைந்து கிடந்தன. குழுவே வகுத்த வரம்புகளை மாதக்கணக்கில் மீறியிருந்தும் நிர்வாகத்தை உரிய வேகத்தில் யாரும் நெருக்கவில்லை.

எனவே நிர்வாகிகளுக்கான அமர்வு எழுத்துப் பயிற்சியாகவே இருக்க வேண்டும். ஒரு நிர்வாகி தான் சென்ற காலாண்டில் குழுவுக்கு அனுப்பிய தாளை எடுத்து, கேட்கும் முடிவு என்ன, நிராகரித்த மாற்றுவழிகள் எவை, தனக்கே சந்தேகமான எண் எது என்று முதல் பக்கத்தில் வருமாறு திருப்பி எழுதுகிறார். பிறகு இயக்குநர்களும் நிர்வாகிகளும் சேர்ந்து அமர்ந்து இரண்டு வடிவங்களையும் ஒப்பிடுகிறார்கள். இந்த ஏற்பாட்டின் அச்சாணி கம்பெனி செகரட்டரி. கோப்பு எப்போது போகிறது, குறிப்பில் எது பதிவாகிறது என்பது அவர் கையில் இருப்பதால், பயிற்சியில் பேசியது அடுத்த கூட்டத்தில் நடப்பதும் நடக்காததும் பெரும்பாலும் அவரைப் பொறுத்தது.

பயிற்சியால் ஆகாதவை

நிறுவனத்துக்குள் நடக்கும் பயிற்சிக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. பயிற்சியாளரை அழைப்பது யார்? நிர்வாக இயக்குநர் அழைத்து, அவர் அலுவலகம் தாள்களைத் தேர்ந்து கொடுத்து, அவரே கட்டணத்துக்குக் கையெழுத்திட்டால், கசப்பான கேள்வி பாடத்திட்டத்தில் எப்படி இடம்பெறும்? பொது வகுப்பில் பிற நிறுவனத்தாரோடு அமரும் இயக்குநருக்கு, ‘எங்கள் குழுவில் நடப்பது இயல்பல்ல’ என்று உறைக்கும் வாய்ப்பாவது உண்டு. உள்ளகப் பயிற்சி அந்த ஒப்பீட்டையும் இழக்கிறது. தலைவரோ சுயாதீன இயக்குநர்களோ பயிற்சியாளரைத் தேர்ந்தெடுப்பதும், நிர்வாகம் இல்லாமல் அவர்கள் கூடும் ஆண்டுக் கூட்டத்தோடு ஓர் அமர்வை இணைப்பதும் இதற்கு ஓரளவு மருந்து.

இன்னொரு எல்லை இந்தியாவுக்கே உரியது. இங்கு பட்டியலிட்ட நிறுவனங்கள் பலவும் நிறுவனர் குடும்பத்தின் பிடியில் இருப்பவை. 2022 முதல் சுயாதீன இயக்குநரை நியமிக்கப் பொதுவாகச் சிறப்புத் தீர்மானம் தேவை. அதாவது எதிர்ப்பு வாக்குகளைப் போல் குறைந்தது மூன்று மடங்கு ஆதரவு. நிறுவனர்கள் சட்டப்படி 75 சதவீதம் வரை பங்கு வைத்திருக்கலாம். அந்த அளவுக்கு வைத்திருப்பவர் தன்னைக் கண்காணிக்க வேண்டியவரைத் தானே தேர்ந்தெடுக்க முடியும். அடுத்த ஐந்தாண்டு நியமனத்தை எதிர்நோக்கும் இயக்குநருக்குக் கேள்வி கேட்கும் கலையைக் கற்றுத்தரலாம். கேட்பதால் வரும் இழப்பைப் பயிற்சி ஈடுகட்டாது.

மூன்றாவது, தேவை அதிகமுள்ள இடத்துக்குப் பயிற்சி போவதில்லை. பெரிய நிறுவனங்களுக்குக் கட்டணம் பொருட்டல்ல. ஆயிரக்கணக்கான சிறு சேமிப்பாளர்களின் பணத்தை வைத்திருக்கும் நகரக் கூட்டுறவு வங்கிகளின் நிலை வேறு. 2019இல் மும்பையின் பிஎம்சி வங்கி, தன் கடனில் பெரும்பகுதியை எச்டிஐஎல் என்ற ஒரே கட்டுமானக் குழுமத்துக்குக் கொடுத்து முடங்கியது. அந்த ஆண்டு இறுதியில் ரிசர்வ் வங்கி, 100 கோடி ரூபாயோ அதற்கு மேலோ வைப்புத்தொகை உள்ள நகரக் கூட்டுறவு வங்கிகள் தொழில் அறிந்தவர்களைக் கொண்ட மேலாண்மைக் குழு ஒன்றை அமைக்க வேண்டும் என்றது. குழு அமைப்பது எளிது. அதன் உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் வங்கியின் முதல் இருபது கடனாளிகளின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு முழு நாள் உட்காரும் பயிற்சிக்குப் பெரிய செலவு ஆகாது. அந்தப் பட்டியலைவிடப் பொருத்தமான பாடநூலும் இல்லை.

எதை வெளியிட வேண்டும்?

மணிக்கணக்கை வெளியிடச் சொல்லும் விதியை நீக்க வேண்டியதில்லை. அதோடு இரண்டு வரிகள் சேர்க்கலாம். பயிற்சியின் பாடப்பொருளைத் தீர்மானித்தது யார் என்பது ஒன்று. அதற்குப் பிறகு குழு தன் நடைமுறையில் எதை மாற்றிக்கொண்டது என்பது மற்றொன்று. புதிதாக ஒரு அறிக்கையைக் கேட்டு வாங்கத் தொடங்கினார்களா, கோப்பின் பக்கங்களைக் குறைத்தார்களா, ஒரு முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்துக் கூடுதல் மதிப்பீடு கோரினார்களா என்று வணிக ரகசியம் எதுவும் வெளிப்படாமல் சொல்லிவிடலாம். ‘மாற்றம் ஏதும் இல்லை’ என்று ஒரு நிறுவனம் ஆண்டுதோறும் எழுதினால், அந்த வரியே முதலீட்டாளருக்கு ஒரு தகவல்.

சட்டத் திருத்தத்துக்காகக் காத்திருக்காமலும் ஒரு குழு இதைத் தொடங்கலாம். அடுத்த பயிற்சிக்குப் பேச்சாளரைத் தேடுவதற்கு முன், கடந்த 12 மாதக் கூட்டக் குறிப்புகளை எடுத்து, நிர்வாகம் கொண்டுவந்த தீர்மானங்களில் திருத்தப்பட்டவை, தள்ளிவைக்கப்பட்டவை, மறுக்கப்பட்டவை எத்தனை என்று கம்பெனி செகரட்டரியை எண்ணச் சொல்லட்டும். பூஜ்யம் என்று விடை வந்தால் நிர்வாகம் குறையே இல்லாதது என்று பொருள் கொள்ளலாம். குழு தன் வேலையைச் செய்யவில்லை என்றும் கொள்ளலாம். இரண்டில் எது என்று தங்களுக்குள் விவாதிப்பதே அந்தக் குழுவின் முதல் பயிற்சி வகுப்பாக அமையட்டும்.